அனுபவம்: நான்கு மாதம்

விண்ணப்பப் படிவத்தின் ஏழாவது கட்டத்தை மட்டும் பென்சிலால் நிரப்பினேன். பெயர், பிறந்த தேதி, ஜோகுபாளையம் முகவரி, தாய்மொழி, தெரிந்த மொழிகள், படிப்பு ஆகிய ஆறும் பேனாவில் இருந்தன. ஏழாவது, கற்பித்தல் அனுபவம், ஆண்டுகளில். ‘2’ என்று எழுதினேன்.

தலைமை ஆசிரியையான சிஸ்டர் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் பார்த்தார். எந்தப் பள்ளி என்று கேட்டார். பள்ளி இல்லை, வியட்நாமில் கடலோர ஊர் ஒன்றில் ஆங்கிலம் சொல்லித்தரும் மையம், மாலை நேர வகுப்புகள், எட்டு வயது முதல் பதினொன்று வரையுள்ள பிள்ளைகள் என்று சொன்னேன்.

“இந்த மாதிரி போய்ட்டு வந்தவங்க வருஷத்துக்கு ரெண்டு மூணு பேர் வர்றாங்கம்மா,” என்றார். “அது டீச்சிங்கா, டூரான்னு எனக்கு இன்னும் புரியலை.”

கேலி செய்யவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். பத்தாம் வகுப்பு வரை நான் படித்த அதே பள்ளியில்தான் வேலை கேட்டு வந்திருந்தேன். நான் படித்த காலத்தில் அவர் அங்கே இல்லை. இருந்திருந்தால் நன்றாகப் படிக்கும் பெண் என்றாவது ஞாபகம் வைத்திருப்பார்.

என் நிலைமை எளிமையானது. நான் படித்தது கம்ப்யூட்டர் சயன்ஸ். பி.எட். இல்லை. இரண்டு வருடத்தில் பி.எட். முடிக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால், குறைந்தது ஒரு வருட அனுபவம் உள்ளவர்களை அந்தப் பள்ளி வகுப்பாசிரியராக எடுத்துக்கொள்ளும். என் இரண்டு வருடம் செல்லும் என்றால் ஜூனிலிருந்து மூன்றாம் வகுப்பு எனக்கு. செல்லாது என்றால், நான் விட்டு வந்த ரிங் ரோடு அலுவலகத்தில் மறுபடி போய் உட்கார வேண்டியதுதான். அந்த நாற்காலிக்குத் திரும்பக் கூடாது என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சிஸ்டர் படிவத்தைத் திருப்பித் தந்தார். ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நீ என்ன சொல்லிக் கொடுத்தாய், யார் எதைக் கற்றுக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலை.

வராந்தாவில் இறங்கும்போது ஒரு சிறுமி எதிரே வந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த சின்ன மரக்கட்டையைப் பாவாடைப் பைக்குள் தள்ளினாள். அது என்ன கட்டை என்று எனக்குத் தெரியும்.

மம்மி இருபத்தெட்டு வருடமாகக் கன்னட வழிப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், ஆட்டோக்காரரோடு பேரம் பேச மட்டும் உருது. நான் வேலையை விட்டுவிட்டு வியட்நாம் கிளம்பியபோது அவர் தடுக்கவில்லை. ஆனால் மாதா கோயிலில் பூசை முடிந்து யாராவது விசாரித்தால், “ப்ராஜெக்ட் விஷயமா போயிருக்கா” என்றுதான் சொல்வார். ‘டீச்சர்’ என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

அன்று மாலை, ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று சொன்னதும், “ஒரு பக்கம் ஜாஸ்தி உனக்கு,” என்றார்.

மம்மி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே தொடர்ந்தார். “அடுத்த தெருப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்துப் பாரு. தப்பாச் சொல்லிக் குடுத்தா, அந்தத் தப்பு நாப்பது வருஷம் உன் கண்ணு முன்னாடியே நடமாடும். நீ சொல்லிக் குடுத்துட்டு ஃப்ளைட் ஏறிட்டே.”

அவர் சொன்னது வெறும் பேச்சு அல்ல. மம்மியோடு அல்சூர் கடைத்தெருவுக்குப் போனால் பத்து அடிக்கு ஒருவர் ‘மிஸ்’ என்று நிற்பார். வங்கிக் காசாளர் ஒருவர், மீன் விற்கும் பெண் ஒருவர், பஸ் கண்டக்டராக இருக்கும் பெண் ஒருவர். அந்தக் கண்டக்டர் சில்லறை தந்துவிட்டுப் போனதும் ஒவ்வொரு முறையும் மம்மி மெதுவாகச் சொல்வார்: “அவளுக்கு வகுத்தல் கடைசி வரைக்கும் வரலை. நான் அவசரப்பட்டுட்டேன்.” பஸ் இறங்கும் வரை அவர் முகம் சரியாக இருக்காது.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். நான் நான்கு வருடம் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருந்தவள். எதையும் பட்டியலாகத்தான் தொடங்குவேன். வகுப்புகளின் எண்ணிக்கை, பாடங்கள், பாட்டுகள், படம் காட்டும் அட்டைகள் என்று வரிசையாக எழுதினேன். பக்கம் பாதி நிறைந்தது. யார் எதைக் கற்றுக்கொண்டார்கள் என்ற இரண்டாவது கேள்விக்கு வந்தபோது கை நின்றது.

அந்த மையத்தில் ஒரு வகுப்புக்கு இரண்டு பேர். ‘டீச்சர்’ என்பவர் வெளிநாட்டிலிருந்து வந்தவர். உள்ளூர்ப் பெண் ஒருவர் உதவி ஆசிரியை. டீச்சர் முன்னால் நின்று ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும். உதவி ஆசிரியை பின்னால் நின்று, பிள்ளைகளை அமைதியாக வைத்திருக்க வேண்டும். என் வகுப்பின் உதவி ஆசிரியை என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆங்கில ஆசிரியர் படிப்பை முறையாக நான்கு வருடம் படித்தவர். நான் படித்தது இணையத்தில் ஆறு வாரம். பிள்ளைகள் அவரை அவர்கள் மொழியில் ஆசிரியை என்றும் அத்தை என்றும் பொருள்படும் சொல்லால் கூப்பிடுவார்கள். என்னை ‘டீச்சர்’ என்று ஆங்கிலத்தில். ஆசிரியர் தினத்தன்று மைய உரிமையாளர் ஏற்பாடு செய்த பெரிய பூங்கொத்து எனக்கு வந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒற்றைப் பூக்கள் எல்லாம் அவரிடம் போயின. அன்று அதை நான் கவனித்தேன். ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று யோசிக்கவில்லை.

எனக்குத் தெரிந்த வேலையை அங்கேயும் செய்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் கணினியில் ஓர் அட்டவணை. பேசும்போது என்ன தவறு வந்தது, எத்தனை முறை வந்தது, சரியாகிவிட்டதா, திரும்ப வந்ததா. அலுவலகத்தில் மென்பொருளின் பிழைகளை எப்படிப் பதிவு செய்தேனோ அப்படியே. உரிமையாளருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பெற்றோர் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினார்.

பதினேழாவது மாதம் ஒரு குறை தெரிந்தது. பிள்ளைகள் தங்களுக்குள் தாய்மொழியிலேயே பேசிக்கொண்டார்கள். அதற்கு என் பள்ளியில் ஒரு வழி உண்டு. யாராவது வகுப்பில் தமிழோ கன்னடமோ பேசினால் அவர் கையில் ஒரு மரக்கட்டை வரும். வேறொருவர் தாய்மொழி பேசுவதைப் பிடித்து, மிஸ்ஸிடம் காட்டிக் கொடுத்தால்தான் அது கையை விட்டுப் போகும். கடைசி மணி அடிக்கும்போது யாரிடம் இருக்கிறதோ அவர் பத்து வாக்கியம் எழுத வேண்டும். நான் அதில் கெட்டிக்காரி. கட்டை என்னிடம் இரண்டு நிமிடத்துக்கு மேல் தங்கியதில்லை. பக்கத்து பெஞ்சில் இருப்பவளைத் தமிழில் ஏதாவது கேட்பேன். அவள் தன்னை மறந்து பதில் சொல்வாள். கையைத் தூக்கிவிடுவேன்.

வியட்நாமில் மரக்கட்டைக்குப் பதில் ஒரு மஞ்சள் அட்டை செய்தேன். விதிகளை ஆங்கிலத்தில் சொன்னேன். உதவி ஆசிரியை அதைக் கேட்டுவிட்டு, “இது உங்கள் ஊர்ப் பழக்கமா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம், நானே இப்படித்தான் கற்றுக்கொண்டேன் என்று சொன்னேன்.

மூன்று வாரம் அட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு நாள் மழையில் மின்சாரம் போய், வகுப்பு பாதியில் கலைந்தது. அட்டையைத் திரும்ப வாங்க மறந்துவிட்டேன். அடுத்த வகுப்பில் அது யாரிடம் என்று கேட்டபோது ஒருவரும் பேசவில்லை. தொலைந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அதற்குள் வகுப்பில் தாய்மொழிச் சத்தம் அடங்கியிருந்தது. ‘அட்டை இனித் தேவையில்லை’ என்று அட்டவணையின் மேலே குறித்துவைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த வகுப்பில் மீன்பிடிப் படகு வைத்திருப்பவரின் மகள் ஒருத்தி இருந்தாள். வயது பத்து. மாவட்டத் தலைநகரில் இருந்த ஒரு பள்ளியின் சிறப்பு வகுப்பில் அவளைச் சேர்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அவள் பெற்றோர் அவளை மையத்துக்கு அனுப்பினார்கள். அதற்கு வாய்மொழித் தேர்வு உண்டு. முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் உட்கார்ந்து எட்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். தயாராக இருக்கும் பிள்ளைகளின் பெயர்களை மையம்தான் அனுப்பும். தயாராகாதவர்களுக்கு இரண்டு மாதத் தனிப் பயிற்சி இருந்தது.

நான் அட்டவணையைத் திறந்தேன். அவள் பெயருக்கு நேரே கடைசி எட்டு வாரத்தில் ஒரு தவறும் இல்லை. பூஜ்யம். அவள் பெயரைத் தயாரானவர்கள் பட்டியலில் போட்டேன்.

உதவி ஆசிரியை என் மேசைக்கு வந்து, அவளைத் தனிப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். அவள் இப்போதெல்லாம் வகுப்பில் பேசுவதே இல்லை என்றார். நான் திரையை அவர் பக்கம் திருப்பி அந்தப் பூஜ்யத்தைக் காட்டினேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நீங்கள்தான் டீச்சர்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சோதனை வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. ஒரு சோதனையின் முடிவு மூன்று வகை. தேறியது, தவறியது, ஓட்டிப் பார்க்கவே இல்லை. மூன்றாவதை ‘நோ ரன்’ என்போம். நோ ரன்னைத் தேறியது என்று எழுதுவதைவிடப் பெரிய குற்றம் அந்த வேலையில் இல்லை. இதைச் செய்த ஒரு பையனை நானே ஒரு முறை எல்லோர் முன்னாலும் கடிந்திருக்கிறேன். பேசாத பிள்ளையிடம் தவறு எப்படி வரும்?

தேர்வு நாளன்று அந்தச் சிறுமி எட்டு நிமிடமும் வாய் திறக்கவில்லை. தேர்வாளர் பெயர் கேட்டபோதுகூட இல்லை. அடுத்த வாரம் மையத்துக்கும் வருவதை நிறுத்திவிட்டாள்.

உதவி ஆசிரியைதான் என்னைத் தன் ஸ்கூட்டரில் அவள் வீட்டுக்கு அழைத்துப் போனார். வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. தாய் எங்களை உயரம் குறைந்த பிளாஸ்டிக் முக்காலிகளில் உட்காரவைத்து, ஐஸ் போட்ட தேநீர் தந்தார். என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. தன் மகள் டீச்சரின் நேரத்தை வீணாக்கிவிட்டாள் என்று மன்னிப்புக் கேட்டார். அதை உதவி ஆசிரியை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

சிறுமி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். அதிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து, பெரியவர்களுக்குத் தருவதுபோல இரண்டு கையாலும் நீட்டினாள். பிறகு ஒரு நோட்டுப்புத்தகத்தையும் நீட்டினாள்.

மழை பெய்த அன்று அட்டை அவளிடம்தான் இருந்திருக்கிறது. விதிப்படி வேறு யாரையாவது காட்டிக் கொடுத்தால்தான் அது போகும். அவளுக்கு யாரையும் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை. நான் வகுப்பில் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று உதவி ஆசிரியை கேட்டார். நான் கேட்டது யாரைப் பிடித்தாய் என்றுதான் அவளுக்குப் பட்டிருக்கிறது. ஆகவே வாயை மூடிக்கொண்டாள்; பேசினால் அந்தக் கேள்வி மறுபடி வந்துவிடுமோ என்று அதன் பிறகு எந்த மொழியிலும் பேசவில்லை. அட்டை தன்னிடம் இருக்கும்வரை தண்டனையும் தனக்குத்தான் என்று, ஒவ்வொரு வகுப்பு முடிந்த பிறகும் வீட்டில் பத்து வாக்கியம் எழுதியிருக்கிறாள். இருபத்திரண்டு வகுப்புகள். நோட்டில் சிவப்புக் குறிகள் இருந்தன. அவை உதவி ஆசிரியையுடையவை. நான் கொடுத்த வீட்டுப்பாடம் என்று நினைத்து அவர் திருத்திக் கொடுத்துவந்தாராம். முதல் பக்கங்களில் பாடப்புத்தக வாக்கியங்களைப் பார்த்து எழுதியிருந்தாள். போகப் போக அவை அவளுடைய வாக்கியங்களாக மாறின. அப்பா மூன்று நாளாகத் திரும்பவில்லை. பூனைக்கு மீன் பிடிக்காது. டீச்சர் என் பெயரைச் சரியாகச் சொல்லமாட்டார்.

திரும்பி வந்தோம். மையத்து வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, உதவி ஆசிரியை இன்னொன்றையும் சொன்னார். ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் நான் கிளம்பிப் போனதும், அவர் பிள்ளைகளை இருபது நிமிடம் உட்காரவைத்து, நான் சொன்னதை எல்லாம் அவர்கள் மொழியில் மறுபடி சொல்லிக் கொடுப்பார். முதல் வருடத்திலிருந்தே. பிள்ளைகள் தினமும் கேட்பது ஒரே கேள்வி: டீச்சர் என்ன சொன்னார்?

ஒப்பந்தத்தில் இன்னும் நான்கு மாதம் இருந்தது. மஞ்சள் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த வகுப்பிலிருந்து அவரை முன்னால் நிற்கச் சொன்னேன். உரிமையாளர் எட்டிப் பார்க்கும்போது மட்டும் இடம் மாறிக்கொள்வோம். நான் பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். அவர் எப்போது அவர்கள் மொழிக்குப் போகிறார், எப்போது ஆங்கிலத்துக்குத் திரும்புகிறார், ஒரு பிள்ளை யோசிக்கும்போது எத்தனை நேரம் காத்திருக்கிறார் என்று பார்த்தேன். வேண்டியபோது பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு உதவினேன். சிறுமியின் வீட்டுக்கு மூன்று முறை போனேன். அவள் என்னோடு பூனையைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினாள். மையத்துக்குத் திரும்பி வரவில்லை. அந்த வருடத்துச் சிறப்பு வகுப்பும் போனது போனதுதான்.

சனிக்கிழமை எழுதிய பாதிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு புதிதாக எழுதினேன். அட்டை, பூஜ்யம், எட்டு நிமிடம், நோட்டு எல்லாவற்றையும். அட்டை எந்தப் பள்ளியிலிருந்து வந்தது என்பதையும் எழுதினேன். அந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டு மூன்றாம் முறையும் எழுதினேன். பிறகு படிவத்தை எடுத்து, ஏழாவது கட்டத்தின் பென்சில் ‘2’ஐ அழித்துவிட்டு, ‘நான்கு மாதம்’ என்று பேனாவால் எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்குத் தெரிந்திருந்தது, ஒரு வருடம் வேண்டும் என்ற விதிக்கு இது போதாது.

மம்மி தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். அவ்வளவு நேரம் அங்கே நிற்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“நாலே மாசமா?” என்றார்.

“ஆமா மம்மி.”

“சொல்லிக் குடுக்கக் கத்துக்க எனக்கு மூணு வருஷம் ஆச்சு,” என்றார். “அந்தக் கண்டக்டர் பொண்ணு எங்கிட்ட படிச்சது ரெண்டாவது வருஷம்.” பிறகு துவைத்த துணியை எடுக்க மாடிக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை சிஸ்டர் பக்கத்தைப் படித்து முடிக்க நேரம் பிடித்தது. வெளியே காலை வழிபாட்டு மணி அடித்து, பிள்ளைகள் வரிசையாகப் போய், சத்தம் அடங்கியது.

“இங்கயும் கட்டை இருக்கு. தெரியுமில்ல?”

“தெரியும் சிஸ்டர். போன வாரம் பார்த்தேன்.”

“நாலு மாசத்தை வெச்சு நான் கமிட்டியில பேச முடியாது.”

“தெரியும் சிஸ்டர்.”

ரிங் ரோடு பஸ் எண்களை நான் மனதில் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது அவர் வேறொன்றைச் சொன்னார். மூன்றாம் வகுப்பில் நாற்பத்தாறு பிள்ளைகள். அதில் பாதிப் பேர் வீட்டில் ஆங்கிலம் கேட்டதே இல்லை. வகுப்பாசிரியைக்குத் துணையாக ஒருவரை வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது. அதற்கு அனுபவம் தேவையில்லை. பெயர்ப் பலகையில் பெயர் வராது. பி.எட். முடித்த பிறகு பார்க்கலாம். “ஹெல்ப்பர்னுதான் கூப்பிடுவாங்க. பரவாயில்லையா?”

பரவாயில்லை என்றேன். சொன்ன பிறகு, ஒருவேளை அவசரப்பட்டுவிட்டேனோ என்றும் தோன்றியது. நாற்பது பேர் கொண்ட குழுவின் வேலையை ஒரு காலத்தில் சரிபார்த்தவள் நான்.

எழுந்தபோது கேட்டேன், அந்தக் கட்டையை எடுத்துவிட முடியாதா என்று.

“பெத்தவங்க கேக்கறாங்கம்மா. அதை எடுத்தா அட்மிஷனையே எடுத்துட்ட மாதிரி பேசுவாங்க.” சிஸ்டர் என் பக்கத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். “ஆனா மூணாம் கிளாஸ் கட்டை காணாமப் போனா, நான் தேடச் சொல்ல மாட்டேன்.”

ஜூன் மாதம் சேர்ந்தேன். வகுப்பாசிரியை முன்னால் நின்று ஆங்கிலத்தில் பாடம் நடத்துகிறார். நன்றாகவே நடத்துகிறார். நான் பின்வரிசையில் இருக்கிறேன். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் என் அருகே இருக்கும் தலைகள் சாயும். மிஸ் என்ன சொன்னாங்க? தமிழிலும் கன்னடத்திலும், தெலுங்கில் கொஞ்சமும். எனக்குத் தெரிந்த மொழிகளில் சொல்கிறேன். தெரியாத மொழிக்குப் பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்கிறேன். தவறுகளை இன்னும் எழுதிவைக்கிறேன். ஆனால் இப்போது ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் முதல் கட்டம், இன்று பேசினாளா என்பது. நிறைய கட்டங்கள் காலியாகத்தான் இருக்கின்றன.

மூன்றாவது நாள் ஒரு சின்னப் பெண் வேகமாக வந்தாள். யாரையோ காட்டிக் கொடுக்கக் கை தயாராக உயர்ந்திருந்தது. அந்த வேகத்தை நான் அறிவேன்.

“மிஸ், கட்டை எல்லி போச்சு?” கட்டை எங்கே என்று கன்னடமும் தமிழும் கலந்து கேட்டாள்.

தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அது என் பைக்குள், மஞ்சள் அட்டைக்குப் பக்கத்தில் இருந்தது.